பால்வாடிக் கயிறு

என் வயதுக்காரர்களே, இந்தக் கூத்து உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். பேரனுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. அதற்குள் மருமகள் ஊரில் உள்ள பள்ளிகளின் வண்ணத்தாள்களை எல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டாள். ஒன்றில் ஏசி வகுப்பு. ஒன்றில் கேமரா, பிள்ளை மூக்கை நோண்டுவதைக்கூட அம்மா ஆபீசில் இருந்தபடியே பார்க்கலாமாம். இன்னொன்றில் மூன்று வயதிலேயே கம்ப்யூட்டர். "அத்தை, நீங்க ப்ரீ-கேஜி எங்க படிச்சீங்க?" என்று என்னைக் கேட்டாள். கேலிதான், ஆனால் குத்தல் இல்லாத கேலி. "வலைக்கூடத்தில்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களில் கடற்கரைக்காரர்களுக்குப் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சாலைதான். சாலைக்குக் கிழக்கே மணலில், மாதா கோயிலுக்குச் சொந்தமான பழைய வலைக்கூடம் இருந்தது. வலைகளைப் போட்டுவைக்கக் கட்டிய நீளமான ஓட்டுக் கொட்டகை. எழுபதுகளின் தொடக்கத்தில் அதைக் கழுவிவிட்டு, சுவரில் நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்து, பால்வாடி என்று பலகை மாட்டினார்கள். வலை போனாலும் வலையின் வாடை போகவில்லை. மழைக்காலத்தில் சுவரே கருவாடாக மணக்கும். காலையில் அந்த வாடையோடு ஆயா அண்டாவில் கரைக்கும் பால்பவுடரின் வாசனையும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் எங்காவது பால்பவுடர் டப்பாவைத் திறந்தால், எனக்கு அலுமினியத் தம்ளரின் நெளிந்த விளிம்பு உதட்டில் படுகிறது.

மத்தியானம் கோதுமை ரவை உப்புமா. அதற்கு ஊற்றும் எண்ணெய் வெளிநாட்டு எழுத்துப் போட்ட டின்னில் வரும். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் என் சித்தப்பா, "அந்த நாட்டுல மாட்டுக்குப் போடுறத நம்ம பிள்ளையளுக்கு அனுப்புதான்" என்று அடித்துச் சொல்வார். ஆயா தூக்குவாளியில் கொடுத்தனுப்பும் மிச்சத்தை வழித்துத் தின்பவரும் அதே சித்தப்பாதான்.

டீச்சர் கடற்கரைக்காரர் இல்லை. தாமிரபரணிக் கரையில், நெல் விளையும் ஊர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். பயிற்சி முடித்த கையோடு இங்கே போட்டுவிட்டார்கள். முதல் மாதம் முழுக்க முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பாட்டுச் சொல்லித் தந்தாராம். ஆயா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கடல் என்றால் அவருக்குப் பயம். கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். கோபம் வந்தால் காதைத் திருகுவார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் திருகிய காதுக்கு மத்தியானத் தூக்கத்தின்போது தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். நாங்கள் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு அதை அனுபவிப்போம்.

பாதிப் பிள்ளைகளிடம் சிலேட்டு கிடையாது. டீச்சர் ஒரு தகரத் தட்டில் உப்பைப் பரப்பி வைத்தார். எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? விரலால் 'அ' எழுத வேண்டும். எழுதி முடித்தவுடன் விரலை நக்குவோம். விரலில் காயம் பட்டவன் எழுதத் தொடங்குவதற்கு முன்பே அலறுவான். அம்மாமார்களுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. உப்பைச் சிந்தினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். "கான்வென்டுக்குப் போற பிள்ளைய ஏபிசிடி சொல்லுது. நம்ம பிள்ளைய உப்ப நக்குது, தூங்குது, வருது" என்று தெருக்குழாயடியில் ஒரே பேச்சு. என் அம்மாவும் அந்தப் பேச்சில் இருந்தாள்.

ஒரு நாள் ஜீப்பில் அதிகாரி அம்மா ஒருவர் வந்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் குச்சியால் தொட்டு, "இது என்ன?" என்றார். பாய் விரித்த மரக்கலம். "தோணி" என்று நாங்கள் கூரை அதிரக் கத்தினோம். "இல்லை, கப்பல்" என்றார் அவர். உடனே ஒரு பயல் எழுந்து, "கப்பலுன்னா புகைக்கூண்டு எங்க? இது கொழும்புக்கு ஓடு ஏத்திட்டுப் போற தோணில்லா" என்றான். இன்னொருவன், பாயைப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும் என விளக்கப் போனான். அதிகாரி அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாடம் நடத்துறீங்களா, இல்ல சும்மா மேய்க்கிறீங்களா?" என்று டீச்சரைக் கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல, கேட்க, மறுத்துப் பேசப் பிள்ளைகளுக்கு அங்கே பயம் இருக்கவில்லை என்பது அந்தக் கொட்டகையில் இருந்த பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. டீச்சருக்கே தோன்றியதா என்று தெரியவில்லை.

சரி, கயிற்றுக்கு வருகிறேன். புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கடலில் கொட்டுவதற்குக் கல் ஏற்றிய லாரிகள் அந்தச் சாலையில் ஓயாமல் ஓடும். காலையில் தெருவிலிருந்து வாண்டுகளைக் கூட்டி வந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். டீச்சர் ஒரு வள்ளக்காரரிடம் கேட்டு நீளமான கயிறு ஒன்று வாங்கினார். இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டார். ஒவ்வொரு பிள்ளையையும் அம்மாவின் பழைய சேலையில் ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லி, முடிச்சுக்கு ஒன்றாகச் சுற்றித் தைத்தார். முன் நுனி டீச்சர் கையில், பின் நுனி ஆயா கையில். அவரவர் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் சாலையைத் தாண்டுவோம். லாரிக்காரர்கள் பிரேக் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். என்னுடையது பச்சை. எனக்கு முன்னால் என் அத்தை மகள். அவளுடையது சிவப்பில் வெள்ளைப் பூ. அவள் இப்போது மில்லர்புரத்தில் இருக்கிறாள். பூ மஞ்சள் என்று போனில் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறாள்.

அத்தை என்றால் அப்பாவின் சொந்தத் தங்கை. எங்கள் தெருவிலேயே கடைசி வீடு. அத்தை மகளும் நானும் ஒரே தட்டில் தின்று, ஒரே பாயில் புரண்டு, ஒருத்தி தலைப்பேனை இன்னொருத்திக்குக் கொடுத்து வளர்ந்தவர்கள். மாமா சங்கு குளிக்கிறவர், கடலடிக்கு மூழ்கிச் சங்கு எடுத்து வருகிறவர். சங்கு குளிக்கப் போகிறவரின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறு நுனியை வள்ளத்தில் இருந்து ஒருவர் பிடித்திருப்பார். அப்படிப் பிடிப்பவர் பெரும்பாலும் மனைவியின் அண்ணனாகவோ தம்பியாகவோ இருப்பார். கூடப் பிறந்தவளின் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் அசட்டையாக இருக்க மாட்டான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அடியில் மூச்சு முட்டினால் குளிக்கிறவர் கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் அந்தக் கணமே இழுத்துவிடுவார். மாமாவுக்குக் கயிறு பிடித்தவர் என் அப்பா.

நாங்கள் பால்வாடிக்குப் போன அந்த வருஷம், சங்குப் பருவத்தில் ஒரு காலை, அப்பா கயிற்றை இழுத்தபோது மாமா உயிரோடு வரவில்லை.

கயிறு அசையவே இல்லை, நேரமாகிவிட்டதே என்று நானாகத்தான் இழுத்தேன் என்றார் அப்பா. அசைந்ததை இவன் கவனிக்கவில்லை என்றது ஊர். பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான் என்றார் ஒருவர். அடுத்த வள்ளத்தோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்றார் வேறொருவர். அத்தை ஊரை நம்பினாள். அடக்கம் முடிந்து திரும்பும்போது, தெருமுனையில் சிலுவை நட்ட குருசடியில் எல்லார் முன்னாலும் அப்பாவைப் பார்த்து, "அண்ணன்னு நம்பித்தான உன் கையில குடுத்தேன்? கூடப் பொறந்தவன் செய்ற வேலையாண்ணே இது?" என்று கேட்டாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. அப்பா அதன்பின் வள்ளத்தில் கால் வைக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். வீட்டில் அவர் குரலையே நாங்கள் மறந்துபோனோம்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. பிற்காலத்தில் நான் நர்ஸ் வேலைக்குப் படித்தேன். வகுப்பில் ஒரு டாக்டர், தண்ணீருக்குள் வெகுநேரம் மூச்சை அடக்குகிறவனுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே நினைவு தப்பிவிடுவது உண்டு என்று சொன்னார். நினைவு தப்பியவன் கயிற்றை எப்படிச் சுண்டுவான்? அப்பா சொன்னது அப்படியே உண்மையாக இருந்திருக்கலாம். அதை அவரிடம் போய்ச் சொல்ல அப்போது அவர் இல்லை. வகுப்பிலேயே அழுதுவிட்டேன். ஊருக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை, "இத அப்பவே ஒருத்தரும் சொல்லலியேளா" என்றாள்.

திரும்பப் பால்வாடிக்கு வருவோம். மாமா போனபின் அத்தை இறால் உரிக்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பகல் முழுவதும் ஐஸ் தண்ணீரில் கை. மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. வேலைக்குப் போன முதல் நாள் காலையில், தெருமுனைக்கு மகளைக் கூட்டிவந்து டீச்சரிடம் விட்டாள். டீச்சர், பாவம், அன்பாகத்தான் செய்தார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "வாத்தா, உன் இடம் அப்படியே இருக்கு" என்று சொல்லி, சிவப்பு முடிச்சை அவள் கையில் வைத்தார். பின்னால் பச்சை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

அத்தை பாய்ந்து வந்து மகளின் கையைக் கயிற்றிலிருந்து பிடுங்கினாள். "என்ன டீச்சரம்மா செய்தீய? இவ அப்பனக் கயித்துல விட்டவன் மவ பின்னால நிக்கா. எம் பிள்ளையவும் அதே கயித்துல கட்டுதியளா?" என்று கத்தினாள்.

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிள்ளைய லாரியில அடிபடாம போகத்தானம்மா கயிறு..." என்று இழுத்தார். ஆயாதான் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், காதில் முழுக்கதையும் சொன்னாள். கயிறு பிடிப்பது யார், எதற்காக, மாமா எப்படிப் போனார் எல்லாம். நெல் ஊர்க்காரருக்கு அதுவரை கயிறு என்றால் மாடு கட்டவும் தண்ணீர் இறைக்கவும்தான். கேட்டு முடித்ததும் கையில் இருந்த நுனியை அவர் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. பிடித்துக்கொள்வதா, கீழே போட்டுவிடுவதா என்று தெரியாமல் நின்றார்.

அத்தை சொன்ன நிபந்தனை இதுதான்: தன் மகள் கயிற்றைத் தொடக் கூடாது, என் பக்கத்தில் உட்காரக் கூடாது. மீறினால் பால்வாடிக்கு அனுப்ப மாட்டாள். டீச்சர் ஒப்புக்கொண்டார். அத்தை மகளை ஆயா இடுப்பில் தூக்கிவர, நான் கயிற்றில் வந்தேன். அவள் ஒரு சுவரோரம், நான் எதிர்ச் சுவரோரம். என் அம்மாவும் தன் பங்குக்கு, "அவ பக்கத்துல போனியோ, உன் அத்த வாயில நாம விழணும்" என்று எச்சரித்திருந்தாள். இரண்டு ஓலைப்பாய்களுக்கு நடுவில் அவ்வளவு தூரம் இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அத்தை மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. உப்புமாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஈ மொய்க்கும். பாலை வாயில் வாங்கி, அப்படியே மறுபடி தம்ளரில் விடுவாள். பேச்சும் இல்லை. டீச்சர் மடியில் வைத்துப் பார்த்தார். காக்காய்க் கதை சொன்னார், வீட்டிலிருந்து வாழைப்பழம் கொண்டுவந்தார். ஒன்றும் நடக்கவில்லை. "டீச்சர், வயித்துல ஒண்ணும் இல்லாம இந்தப் பிள்ள நமக்கு இருக்காது" என்றாள் ஆயா. டீச்சர் பின்பக்கம் போய் அழுததை நாங்கள் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தோம்.

கடைசியில் டீச்சர் கம்பெனிக்கே போய் அத்தையைப் பார்த்தார். அங்கே நடந்ததைக் கூடப் போன ஆயா பிறகு தெருவெல்லாம் சொன்னாள். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தால் இவள் சாப்பிடுவாள் என்று டீச்சர் கெஞ்சியிருக்கிறார். அத்தை, "அப்போ எம் பிள்ள பட்டினி கெடந்தாலும் அவன் வீட்டுக் கைதான் வேணுமோ? வேண்டாம் டீச்சரம்மா, நானே வச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து அத்தை மகள் பால்வாடிக்கு வரவில்லை. இறால் மேசைக்குக் கீழே, ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில், சாக்கு விரித்து அவளை உட்கார வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் நெஞ்சுச் சளி பிடித்துவிட்டது. அங்கிருந்த மேஸ்திரி, பிள்ளை இருமினால் சரக்குக்கு ஆகாது, கூட்டிக்கொண்டு வராதே என்றான். அத்தை வேறு வழியில்லாமல் மறுபடி மகளைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, கை கால் குச்சியாகி வந்து நின்றாள் என் அத்தை மகள்.

மறுநாள் காலையில் வந்தபோது டீச்சர் கையில் கயிறு இல்லை.

"ஒரு பிள்ளை தொடக் கூடாத கயிறு, மத்த பிள்ளையளுக்கும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அவர் செய்த பெரிய காரியம் இதுதான் என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. அம்மாமார்கள் பிடித்துக்கொண்டார்கள். "லாரி ஓடுற ரோட்டுல பிள்ளையள எப்படிக் கூட்டிட்டுப் போவீய?", "ஒருத்திக்காக ஊர்ப் பிள்ளையளச் சாவக் குடுக்கவா?", "வேலை செய்யச் சோம்பல், அதான்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சிலர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அந்த வாரம் டீச்சரும் ஆயாவும் இரண்டிரண்டு பிள்ளைகளாகக் கையில் பிடித்து, சாலையை எத்தனை தடவை தாண்டினார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

பகலில் வலைக்கூடத்து முற்றத்தில் ஒரு புது விளையாட்டுத் தொடங்கியது. இருவர் இருவராகக் கை கோத்துக்கொள்ள வேண்டும். ஒருத்தி கண்ணை மூட, ஒருத்தி கூட்டிப் போக வேண்டும். டீச்சர் நடுவில் பித்தளை மணியோடு நிற்பார். "மணி அடிக்குற வரைக்கும் கைய விடக் கூடாது. தும்மல் வந்தாலும் விடக் கூடாது. அம்மா கூப்பிட்டாலும் விடக் கூடாது" என்பார். மணி அடித்ததும் ஓவென்று கத்திக்கொண்டு விடுவோம். யார் யாரோடு சேர்வது என்று அவர் சொல்லவில்லை. நீங்களே சேருங்கள் என்றார்.

எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். அத்தை மகள் சுவரோரம் தனியாக நின்றாள். யாராவது கையை நீட்டினால் தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எனக்கும் ஜோடி இல்லை. அம்மாவின் எச்சரிக்கை காதில் இருந்தது, அதனால் நானும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே நடந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் வந்து நின்று, கையை என் கைக்குள் திணித்தாள். சில்லென்று இருந்தது அந்தக் கை. நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சரும் பார்த்துவிட்டார். எங்களைப் பிரிக்க வேண்டியவர் அவர்தான். அத்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர் எங்கள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, "ம், நடங்க" என்றார்.

அன்று மத்தியானம் அத்தை மகள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவரிலிருந்து என் பாய்க்கு வந்தாள். உப்புமா முழுவதையும் தின்றாள். என்னுடையதிலும் பாதியைத் தின்றாள். ஆயா கரண்டியோடு நின்று பார்த்துவிட்டு, "அவ அம்மைக்குத் தெரிஞ்சா என்ன செய்வீய டீச்சர்?" என்று கேட்டாள். "தெரியுற அன்னைக்குப் பாத்துக்கிடலாம். இன்னைக்குத் தின்னட்டும்" என்றார் டீச்சர். தெரிந்தால் பிள்ளை மறுபடி இறால் மேசைக்குக் கீழே போய்விடுவாள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்துவிட்டது. ஒரு நாள் கம்பெனிக்கு ஐஸ் வரவில்லை. அத்தைக்குச் சீக்கிரமே வேலை முடிந்துவிட்டது. விளையாட்டு பழகியபின் சாலையையும் அப்படியே ஜோடி ஜோடியாகத்தான் தாண்டினோம், தாண்டி முடித்தபிறகுதான் மணி. அன்று சாயங்காலம் நாங்கள் சாலையோரம் நிற்கும்போது, எதிர்ப்பக்கம் அத்தை வந்து நின்றாள். அவள் எங்களைக் கண்டுகொள்வதற்கு முன் மகள் அவளைக் கண்டுகொண்டாள். "எம்மா" என்று கத்தினாள். அவள் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கத்திக்கொண்டே சாலைக்குள் பாய்ந்தாள்.

கல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. எனக்கு லாரியெல்லாம் தெரியவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது மணி இன்னும் அடிக்கவில்லை என்பது மட்டும்தான். கையை விடவில்லை. அவள் இழுத்த இழுப்பில் நான் முன்னால் போய், குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. தூசியில் எதுவும் தெரியவில்லை. டீச்சரின் அலறல் மட்டும் கேட்டது.

தூசி அடங்கியபோது அத்தை எங்கள் மேல் குனிந்து நின்றாள். மகளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அவள் மகளின் மணிக்கட்டை நான் இன்னும் பிடித்திருந்தேன். டீச்சர் பக்கத்தில் வந்து, "நான்தாம்மா சேர விட்டேன். தப்பு என்னோடது. பிள்ளையள ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அழுதார். அத்தை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"விடுளா" என்றாள் என்னிடம்.

"மணி அடிக்கல அத்தை" என்றேன்.

அத்தை அப்படியே சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் விரல்கள் ஐஸில் ஊறி வெளுத்து, நுனியெல்லாம் வெடித்திருந்தன. அந்த விரல்களை என் கையின் மேல் வைத்து அழுத்தினாள். பின்னால் வந்து நின்ற அடுத்த லாரி ஹாரன் அடித்தது. ஆயா லாரிக்காரனை வாயில் வந்தபடி வைதாள். அத்தை எழுந்தாள். "சரி. விடாத. வீடு வரைக்கும் விடாத" என்றாள். டீச்சர் கையில் இருந்த மணியை அடிக்கவே இல்லை. அடிக்க மறந்தாரா, வேண்டாமென்று இருந்தாரா, தெரியாது. நாங்கள் இருவரும் முன்னால் நடக்க, அத்தை பின்னால் வந்தாள். எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்தாள். உள்ளே வரவில்லை. மறுநாள் காலையில் மகளைத் தெருமுனைக்குக் கொண்டுவந்து, தானே என் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனாள்.

நாங்கள் விழுந்த அன்றைக்கே, பொழுது சாய்ந்தபின் அப்பா வேலையிலிருந்து வந்து, குசினிக்கு வெளியே கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய், முழங்கை சிராய்ப்பைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். லாரியைச் சொன்னேன், மணியைச் சொன்னேன். அத்தை சொன்னதையும் சொன்னேன். அப்பா செம்பைக் கீழே வைத்தார்.

"அத்த என்ன சொன்னா?"

"விடாதன்னு சொன்னாவ."

"உங்கிட்டயா சொன்னா?"

"ஆமா. வீடு வரைக்கும் விடாதன்னு சொன்னாவ."

அப்பா ஈரக் காலோடு அங்கேயே உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டார். மூட்டைத் தூசியும் வியர்வையுமாக மணத்தார். "இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன். "அவ சொன்ன மாதிரியே சொல்லு" என்றார். அத்தையின் குரலில் சொல்லிக் காட்டினேன். அம்மா உள்ளேயிருந்து, "கஞ்சி ஆறுது, பிள்ளைய விடுங்க" என்று கூப்பிட்டாள். அப்பா காதில் வாங்கவில்லை. முகத்தை என் தோளில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு தரம்" என்றார்.